லேப் தட்டில் கேன்சர் செல்லைக் கொல்லும் பழம்... நோயாளிக்கு மருந்தாகுமா?

“முள் சீத்தா கேன்சரை விரட்டும், கீமோவைவிட 10,000 மடங்கு வீரியமானது!” இந்த மெசேஜ் உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு முறையாவது சுற்றியிருக்கும். முள் சீத்தா இல்லையென்றால் நெல்லிக்காய், கடுக்காய், பாகற்காய், சப்பாத்திக்கள்ளிப் பழம்... பழம்தான் மாறும், மெசேஜ் ஒன்றுதான்.

சிக்கல் என்னன்னா, இது முழுப் பொய்யும் இல்லை. இப்படியான பல மெசேஜ்களுக்குப் பின்னால் எங்கோ ஓர் ஆய்வகத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவர் நேர்மையாகச் செய்த சோதனை இருக்கும். பழத்திலிருந்து பிரித்தெடுத்த சாற்றை மார்பகப் புற்றுநோய் செல்கள் மேல் விட்டிருப்பார். செல்கள் செத்திருக்கும். அதுவரை எல்லாம் உண்மை.

ஆனால், ‘தட்டில் இருந்த செல் செத்தது’ என்பதற்கும் ‘நோயாளி குணமானார்’ என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கு? அந்தத் தூரத்தைத்தான் இந்தக் கட்டுரையில் நடந்து பார்க்கப் போறோம்.

இது வெறும் அறிவியல் பாடம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெளியிட்ட 2022-ம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஒரே வருஷத்தில் சுமார் 1.92 லட்சம் பேருக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். இந்திய பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகக் குணப்படுத்தக்கூடிய நோயும்கூட. அதனால், ‘ஒரு மாசம் இந்தச் சாறு குடிச்சுப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாசமும் கணக்கில் வரும்.

வையம்பட்டியிலிருந்து ஒரு பழம் கிளம்பினால்...

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், மணப்பாறையைத் தாண்டி இருக்கிறது வையம்பட்டி. வறண்ட பூமி. இலந்தை, நாவல், சீத்தா, சப்பாத்திக்கள்ளி எல்லாம் இந்தப் பக்கம் சாதாரணமாகக் கண்ணில் படும். ஒரு எம்.எஸ்சி. மாணவியோ பிஎச்.டி. மாணவரோ இங்கிருந்து இலந்தைப் பழம் பறித்துக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பழம் எங்கெல்லாம் போகும்?

முதல் ஸ்டாப், அடையாளம். ‘இது இலந்தைதான்’ என்று ஊர்க்காரர் சொன்னால் போதாது. ஒரே பெயரில் ரெண்டு மூணு செடி இருக்கும். ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். அதனால் ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடத்தில், நிபுணர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் உள்ள ராபினட் ஹெர்பேரியம் இதற்குப் பெயர்போனது. இயேசு சபை பாதிரியாரும் தாவரவியல் அறிஞருமான கே.எம். மேத்யூ 1967-ல் தொடங்கியது. தமிழகத்தில் வெளியான ஏராளமான மூலிகை ஆய்வுக் கட்டுரைகளில் ‘தாவரம் இங்கே உறுதிசெய்யப்பட்டது’ என்ற வரியை நீங்கள் பார்க்கலாம்.

ரெண்டாவது ஸ்டாப், சாறு எடுப்பது. பழத்தைக் கழுவி, நிழலில் காயவைத்து, பொடியாக்கி, எத்தனால் அல்லது மெத்தனாலில் ஊறவைப்பார்கள். வடிகட்டி, அந்த ஆல்கஹாலை ஆவியாக்கினால் அடியில் கெட்டியான பசை மாதிரி ஒன்று மிஞ்சும். கூடை கூடையாகப் பழம் போனாலும் கடைசியில் கிடைப்பது கைப்பிடி அளவுதான். இதைத்தான் ஆய்வுக் கட்டுரைகள் ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்கின்றன.

மூணாவது ஸ்டாப், செல். புற்றுநோய் செல்களை ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளியிடமிருந்து நேராக எடுத்து வருவதில்லை. இந்தியாவில் பெரும்பாலான கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்குகின்றன. அங்கே இது ஒரு வங்கி மாதிரி. பெயர் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயருள்ள செல்லை அனுப்புவார்கள்.

அந்த செல் யாருடையது?

மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர், எம்.சி.எஃப்-7. இது ஏதோ கோடு எண் மாதிரி இருந்தாலும், பின்னால் ஒரு பெண் இருக்கிறார்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கன்னியாஸ்திரி கேத்தரின் ஃபிரான்சஸ். மார்பகப் புற்றுநோய் முற்றி, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. 1970-ல், அவருக்கு 69 வயதாக இருந்தபோது, அந்த நீரிலிருந்து எடுத்த செல்களை டெட்ராய்ட்டில் உள்ள மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷன் ஆய்வகத்தில் வளர்த்தார்கள். எம்.சி.எஃப் என்பது அந்த நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். 7 என்பது ஏழாவது முயற்சி. ஹெர்பர்ட் சோல் குழுவினர் 1973-ல் இதை உலகத்துக்கு அறிவித்தார்கள். அந்தக் கன்னியாஸ்திரி 1970-லேயே காலமாகிவிட்டார். அவருடைய செல்கள் 50 வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கின்றன.

இந்த செல்கள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு ஏங்கும் வகை. டாமாக்சிஃபென் என்ற மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இவை பெரிதும் உதவின. இன்னொரு பிரபல செல், எம்.டி.ஏ-எம்.பி-231. இது ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ வகை. ஹார்மோன் மாத்திரைக்கு மசியாது. ஆக, ‘மார்பகப் புற்றுநோய்’ என்பது ஒரே நோய் இல்லை. ஒரு பழச்சாறு எம்.சி.எஃப்-7 செல்லைக் கொன்றால், மற்ற வகைகளையும் கொல்லும் என்று அர்த்தமில்லை.

இதில் ஒரு ட்விஸ்ட்டும் உண்டு. எம்.டி.ஏ-எம்.பி-435 என்று ஒரு செல்லை மார்பகப் புற்றுநோய் செல் என்றே நம்பிப் பல வருஷம் சோதனை செய்தார்கள். 2000-க்குப் பிறகு மரபணுவைச் சோதித்துப் பார்த்தால், அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் செல்! செடிக்கு மட்டுமில்லை, செல்லுக்கும் அடையாளச் சான்று தேவை.

மஞ்சள் ஊதாவானால் உயிர் இருக்கு

இப்போ சோதனைக்கு வருவோம். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 குட்டிக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஆயிரக்கணக்கான செல்கள். நம் உடம்பு மாதிரியே 37 டிகிரி சூட்டில் வைத்து வளர்க்கிறார்கள். பிறகு பழத்தின் சாற்றைப் பல அளவுகளில் விடுகிறார்கள்: ஒரு வரிசைக்கு 10 மைக்ரோகிராம், அடுத்ததுக்கு 25, 50, 100, 200 என்று. ஒரு வரிசைக்கு எதுவும் விடாமல் சும்மா வைப்பார்கள், ஒப்பிடுவதற்காக. 24 அல்லது 48 மணி நேரம் காத்திருப்பு.

அப்புறம் எம்.டி.டி என்ற மஞ்சள் நிற ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். உயிரோடு இருக்கும் செல்லின் என்சைம்கள் அந்த மஞ்சளை ஊதா நிறமாக மாற்றிவிடும். செத்த செல் மாற்றாது. ஊதா எவ்வளவு அடர்த்தி என்று ஒரு கருவி ஒளியை விட்டு அளக்கும். அடர் ஊதா என்றால் செல்கள் நலம். வெளிறி இருந்தால் செல்கள் காலி. டிம் மோஸ்மன் 1983-ல் வெளியிட்ட முறை இது. மலிவு, வேகம், எளிது. அதனால்தான் சின்ன ஆய்வகங்களில்கூட இதைச் செய்ய முடிகிறது.

இதிலும் ஏமாற வாய்ப்பு இருக்கு. நாவல் பழமும் கள்ளிப்பழமும் இயல்பாகவே அடர் நிறம். அந்த நிறமும் கருவியில் சேர்ந்து பதிவானால் கணக்கு குழம்பும். பழங்களில் உள்ள சில ஆன்டிஆக்சிடன்ட் பொருட்கள், செல்லின் உதவி இல்லாமலேயே மஞ்சளை ஊதாவாக்கிவிடும். அப்போது செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகத் தெரியும். இதற்கு நேர்மாறாக, நெல்லி, கடுக்காயில் இருக்கும் கேலிக் அமிலம் போன்றவை செல் வளரும் திரவத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கலாம். அப்போ செல்லைக் கொன்றது பழமா, அந்தப் பெராக்சைடா? உடம்புக்குள் அந்த வினை அதே மாதிரி நடக்காது. நல்ல ஆய்வாளர்கள் செல்லே இல்லாத குழியில் சாற்றை மட்டும் விட்டு இதைச் சரிபார்ப்பார்கள். அந்த வரி ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறதா என்பது முக்கியம்.

ஐ.சி.50: மார்க் இல்லீங்க, அளவு!

இந்த ஆய்வுகளில் கடைசியில் ஒரு நம்பர் வரும்: ஐ.சி.50. இதைப் பலர் ‘50 சதவீதம் புற்றுநோய் குணமானது’ என்று படிக்கிறார்கள். அது தப்பு. தட்டில் உள்ள செல்களின் உயிர்த்துடிப்பைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதுதான் ஐ.சி.50. எக்ஸாம் மார்க் மாதிரி அதிகமானால் நல்லது என்று இல்லை. குறைவாக இருந்தால்தான் வீரியம் அதிகம்.

சுத்திகரிக்காத தாவரச் சாறு என்றால், ஒரு மில்லி லிட்டருக்கு 20 அல்லது 30 மைக்ரோகிராமுக்குள் ஐ.சி.50 வந்தால் ‘மேற்கொண்டு ஆராயலாம்’ என்பது ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அளவுகோல். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. 200, 300 என்று வந்தால் அந்தச் சாறு அவ்வளவு வீரியம் இல்லை என்று பொருள்.

‘90 சதவீத கேன்சர் செல்களை அழித்தது’ என்ற தலைப்பைப் பார்த்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எந்த அளவில்?’ என்பதுதான். அளவை ஏற்றிக்கொண்டே போனால் உப்பும் கொல்லும், காபித்தூளும் கொல்லும். தட்டில் சோப்புத் தண்ணியை ஊத்தினாலும் கேன்சர் செல் செத்துடும். அதுக்காக சோப்பு மருந்தாகிடுமா?

கடுக்காய் சொல்லும் பாடம்

நாட்டு மருந்துக் கடையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், கடுக்காய். ஒரு மரத்தின் காய்ந்த கனிதான் அது. 2002-ல் ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 70 சதவீத மெத்தனாலில் எடுத்த கடுக்காய்ச் சாற்றை எம்.சி.எஃப்-7 உட்படப் பல செல்கள் மீது சோதித்தார்கள். எலியின் மார்பகப் புற்றுநோய் செல், மனித எலும்புப் புற்றுநோய் செல், புராஸ்டேட் புற்றுநோய் செல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

முடிவு? எல்லா செல்களும் வளர்ச்சி குறைந்தன, செத்தன. அளவு கூடக் கூட சாவும் கூடியது. செபுலினிக் அமிலம், டானிக் அமிலம், எலாஜிக் அமிலம் ஆகிய மூன்றும்தான் அதிகம் தடுத்தவை என்றும் பிரித்துக் காட்டினார்கள். ‘கடுக்காய் கேன்சரைக் கொல்லும்’ என்று ஒரு தலைப்பு போட இவ்வளவு போதும்.

ஆனால் அதே ஆய்வில் இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்று, சோதித்த செல்களில் புற்றுநோய் இல்லாத ஒரு புராஸ்டேட் செல்லும் இருந்தது. அதுவும் பாதிக்கப்பட்டது. ரெண்டு, குறைந்த அளவில் சில செல்கள் ‘அபோப்டோசிஸ்’ முறையில், அதாவது செல் தன்னைத்தானே ஒழுங்காக மூட்டை கட்டிக்கொள்ளும் விதத்தில் இறந்தன. அளவு கூடியபோது பெரும்பாலும் ‘நெக்ரோசிஸ்’, அதாவது செல் உடைந்து சிதறும் மரணம். புற்றுநோய் மருந்து தேடுபவர்கள் பொதுவாக விரும்புவது முதல் வகையை.

ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஃபார்வர்டு ஆகும்போதுதான் அந்த ரெண்டு வரியும் உதிர்ந்து போகுது.

பாகற்காய் விஷயத்திலும் இப்படித்தான். 2010-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ரத்னா ராய் குழுவினர், பாகற்காய்ச் சாறு எம்.சி.எஃப்-7, எம்.டி.ஏ-எம்.பி-231 என்ற இரண்டு வகை செல்களின் பெருக்கத்தையும் குறைப்பதைக் காட்டினார்கள். சாதாரண மார்பகச் செல்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். எந்தப் புரதங்கள் கூடின, எவை குறைந்தன என்றும் பார்த்தார்கள். தரமான ஆய்வு. ஆனாலும், மார்பகப் புற்றுநோய்க்கு என்று அங்கீகரிக்கப்பட்ட பாகற்காய் மருந்து இன்றுவரை எதுவும் இல்லை.

‘சாறு’ என்ற சொல்லில் ஒரு குழப்பம்

தமிழில் எக்ஸ்ட்ராக்ட்டையும் சாறு என்கிறோம், ஜூஸையும் சாறு என்கிறோம். இங்கேதான் வாசகர் வழுக்கி விழுகிறார். ‘நெல்லிக்காய்ச் சாறு புற்றுநோய் செல்லை அழித்தது’ என்று படித்ததும், நம் மனசில் வருவது மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, உப்பு போட்ட டம்ளர்தான்.

லேப் சாறு அது இல்லை. மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த பசை. பிறகு டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானில் கரைத்துத் தட்டில் விட்டது. தண்ணீரில் கரையாத பொருட்கள் எல்லாம் மெத்தனாலில் கரைந்து வரும். வீட்டு ஜூஸில் அவை வரவே வராமல் போகலாம். செய்தியில் ‘சாறு’ என்று பார்த்தால், ‘எதில் எடுத்த சாறு?’ என்று கேட்டுப் பழகுவோம்.

தட்டிலிருந்து உடம்புக்கு: ஒரு சின்னக் கணக்கு

சரி, அந்த எக்ஸ்ட்ராக்ட்டையே கேப்சூலில் அடைத்துச் சாப்பிட்டால்? ஒரு தோராயக் கணக்கு போடுவோம்.

ஒரு பழத்தின் ஐ.சி.50, மில்லி லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வையுங்கள். பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் அதே அடர்த்தி வர அரை கிராம் எக்ஸ்ட்ராக்ட் ரத்தத்துக்குள் இருக்க வேண்டும். கேட்க கம்மியாத்தான் இருக்கு. ஆனால் எந்தப் பொருளும் ரத்தத்தில் மட்டும் நிற்காது. உடம்பு முழுக்கப் பரவும். உடம்பில் உள்ள மொத்த நீர் சுமார் 40 லிட்டர். அப்படியென்றால் 4 கிராம்.

இனிமேல்தான் உண்மையான தடை. நாம் விழுங்கும் தாவர வேதிப்பொருட்களில் பலவும் குடலில் உறிஞ்சப்படுவதே கொஞ்சம்தான். உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் வேறு பொருளாக மாற்றிவிடும். 100-ல் ஒரு பங்குதான் முழுசாக ரத்தத்துக்கு வருகிறது என்று உதாரணத்துக்கு வைத்தால், 4 கிராமுக்கு 400 கிராம் எக்ஸ்ட்ராக்ட் விழுங்க வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில். பசையே 400 கிராம் என்றால் பழம் எத்தனை கூடை? போதாததற்கு, தட்டில் செல்கள் 48 மணி நேரம் அந்தச் சாற்றில் ஊறின. உடம்பில் சிறுநீரகமும் கல்லீரலும் சில மணி நேரத்திலேயே வெளியேற்ற ஆரம்பித்துவிடும்.

தட்டில் கல்லீரல் கிடையாது, குடல் கிடையாது, நோய் எதிர்ப்புச் சக்தி கிடையாது. அதனால்தான் தட்டில் ஜெயித்த நிறைய பொருட்கள் எலியிலேயே தோற்றுவிடுகின்றன. எலியில் ஜெயித்தவற்றில் பல, மனிதரில் தோற்றுவிடுகின்றன.

அந்த 10,000 மடங்கு எங்கிருந்து வந்தது?

முள் சீத்தாவுக்கு வருவோம். 1996-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முள் சீத்தாவிலிருந்து பிரித்த ‘சிஸ்-அனோனாசின்’ என்ற ஒற்றை வேதிப்பொருள், ஒரு குறிப்பிட்ட புற்றுநோய் செல்லின் மீது அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு வீரியம் காட்டியதாக எழுதினார்கள். நம்பர் உண்மை. மற்றதைப் பாருங்கள்:

அது பழத்திலிருந்து எடுத்தது இல்லை, விதையிலிருந்து. மார்பகப் புற்றுநோய் செல் இல்லை, பெருங்குடல் புற்றுநோய் செல். மனிதரிடம் இல்லை, ஆய்வகத் தட்டில். முழுச் சாறு இல்லை, பிரித்தெடுத்த ஒரே ஒரு பொருள். நாலு இடத்திலும் விலகிப்போன ஒரு நம்பர்தான், பழத்தின் படத்தோடு நம் போனுக்கு வருகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. கரீபியன் தீவான குவாடலூப்பில், முள் சீத்தா பழமும் அதன் இலையில் போட்ட டீயும் நிறைய எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் காணப்படுவதை 1999-ல் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதே அனோனாசின் குடும்பப் பொருட்கள் நரம்பு செல்களையும் கொல்லும் என்பது பிறகு ஆய்வகத்தில் தெரிந்தது. எப்பவாவது ஒரு பழம் சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டாம். மருந்து என்று நினைத்து மாசக்கணக்கில் தினமும் இலையைக் காய்ச்சிக் குடிப்பது வேறு கதை.

அப்போ இந்த ஆய்வெல்லாம் வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. இன்று மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படும் முக்கிய மருந்துகளில் ஒன்றான பாக்லிடாக்செல் வந்ததே ஒரு மரப்பட்டையிலிருந்துதான். 1962-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள். அதன் சாறு செல்களைக் கொல்வது ரெண்டு வருஷத்தில் தெரிந்தது. மன்ரோ வால், மன்சுக் வானி இருவரும் அதன் மூலக்கூறு அமைப்பை 1971-ல் வெளியிட்டார்கள். செல்லை எப்படிக் கொல்கிறது என்பதை 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தார். கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுநோய்க்கு 1992-ல் அனுமதி. மார்பகப் புற்றுநோய்க்கு 1994-ல். பட்டையை உரித்த நாளிலிருந்து 32 வருஷம்!

அந்தக் காலத்தில், 1960 முதல் 1982 வரை, அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தாவரச் சாறுகளைச் சோதித்தது. அதிலிருந்து பெரிய மருந்துகளுக்கு வழிவிட்டவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். சல்லடை என்றால் இதுதான். ஆயிரம் போட்டால் ஒன்று நிற்கும். ஆனால் அந்த ஒன்றுக்காகத்தான் ஆயிரத்தையும் போட வேண்டியிருக்கு.

நம் ஊர் உதாரணமும் இருக்கு. வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணி. அதிலிருந்து வந்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று பார்க்கப் போய், எலியின் வெள்ளை ரத்த அணுக்கள் குறைவதைக் கவனித்தார்கள். அந்தச் சின்ன கவனிப்பிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்தது. அந்த மருந்துக்காகவே நித்தியகல்யாணி தமிழகத்தின் தென் மாவட்டங்களில் பயிரிடப்படுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யாரும் நித்தியகல்யாணி இலையை மென்று குணமாகவில்லை. அது விஷச்செடி. டன் கணக்கான இலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பில் ஏற்றியபோதுதான் மருந்தானது. ஆக, வையம்பட்டிப் பழத்தை வைத்துச் சோதனை செய்யும் மாணவரின் வேலை மதிப்பில்லாதது இல்லை. அவர் ஒரு நீண்ட வரிசையின் முதல் ஆள். அவரைக் கடைசி ஆளாகக் காட்டுவதுதான் தப்பு. அது அவருக்கும் செய்யும் அநியாயம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

‘கீமோ எப்படியும் இருக்கு. முதலில் இயற்கையா முயற்சி பண்ணலாமே?’ நிறைய வீடுகளில் கேட்கும் கேள்வி. முடி கொட்டுவது, வாந்தி, செலவு, பயம் எல்லாம் நிஜம். அந்தக் கேள்வியைக் கிண்டல் பண்ண முடியாது. ஆனால் பதில் இருக்கு.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இது. பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், மாற்று மருத்துவம் மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் ஆபத்து 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் 5.68 மடங்கு. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நல்ல சிகிச்சை இருக்கும் நோயில், அதை விடும்போதுதான் இழப்பும் பெருசு.

‘ரெண்டையும் சேர்த்தே எடுத்தால்?’ சாப்பாட்டில் பழம் சேர்ப்பது பிரச்னை இல்லை. கீமோ நேரத்தில் என்ன பழம், எப்படிக் கழுவிச் சாப்பிடணும் என்று டாக்டரே சொல்வார். செறிவான பொடி, கேப்சூல், கஷாயம் என்றால் மட்டும் உஷார். பம்பளிமாஸுக்குச் சொந்தக்காரப் பழமான கிரேப்ஃப்ரூட், குடலில் மருந்தை உடைக்கும் ஒரு என்சைமைத் தடுத்துப் பல மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஒரு சாதாரணப் பழமே இதைச் செய்யும் என்றால், செறிவூட்டிய எக்ஸ்ட்ராக்ட் என்ன செய்யும் என்று டாக்டருக்குத் தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது. திட்டுவார் என்று மறைக்க வேண்டாம், சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்து மருந்து விற்பது, 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். ‘100 சதவீதம் குணம்’ என்ற போஸ்டரைப் பார்த்தால் இது ஞாபகம் வரட்டும்.

ஃபார்வர்டு பண்ணும் முன் 5 கேள்விகள்

1. எதில் சோதித்தார்கள்? தட்டில் உள்ள செல்லிலா, எலியிலா, மனிதரிலா? செய்தியில் சொல்லவே இல்லை என்றால், பெரும்பாலும் தட்டுதான்.

2. எந்த செல்? மார்பகப் புற்றுநோயிலேயே பல வகை. ஒன்றில் கிடைத்த முடிவு மற்றதுக்குப் பொருந்தாமல் போகலாம்.

3. சாதாரண செல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா? கேன்சர் செல்லை மட்டும் கொன்றால் அது செய்தி. எல்லா செல்லையும் கொன்றால் அதற்குப் பெயர் விஷம்.

4. எவ்வளவு அளவில்? சதவீதத்தை மட்டும் சொல்லி அளவைச் சொல்லாத தலைப்பை நம்ப வேண்டாம்.

5. பழத்தின் எந்தப் பகுதி, எதில் எடுத்த சாறு? விதையில் மெத்தனால் கொண்டு எடுத்ததும், ஜூஸ் கடையில் குடிப்பதும் ஒன்றில்லை.

இந்த ஐந்தில் ரெண்டுக்காவது பதில் இல்லையென்றால், அந்த மெசேஜ் உங்களோடு நிற்கட்டும்.

இப்போ என்ன செய்யலாம்?

மார்பிலோ அக்குளிலோ கட்டி, காம்பிலிருந்து ரத்தம் அல்லது நீர் வடிவது, தோல் உள்ளே இழுத்துக்கொள்வது அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி மாறுவது. இதில் எது தெரிந்தாலும் வலி இல்லையே என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள். ஆரம்பகட்டக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. தேசிய பரிசோதனைத் திட்டத்தின்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை மார்பகப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள். செலவை நினைத்துத் தயங்கினால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும் என்பதை வீட்டில் சொல்லுங்கள்.

குரூப்பில் அடுத்த முறை அந்த மெசேஜ் வரும்போது, அனுப்பிய அத்தையிடமோ சித்தப்பாவிடமோ சண்டை போட வேண்டாம். அவர்கள் அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். ‘இது தட்டில் செய்த சோதனை அத்தை, இன்னும் மருந்தாகலை. டாக்டர் சொன்ன தேதியில் கீமோவுக்குப் போயிட்டு வரட்டும், வரும்போது பழமும் வாங்கிட்டு வரலாம்’ என்று ஒரு வாய்ஸ் நோட் போதும்.